தெருவை அகலப்படுத்தல்

சாதாரணப் புகைப்படத்தில் அடங்காத அகலத்தை ஒரே படத்தில் அடக்குவது பனோரமா. செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அதன் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 70 பாகை அகலத்துக்குப் பார்க்கும். மனிதனின் இரண்டு கண்களும் சேர்ந்து சுமார் 200 பாகை பார்க்கின்றன; ஆனால் அதில் கூர்மையாகத் தெரிவது நடுவிலுள்ள சில பாகைகள் மட்டுமே. மிச்சத்தில் என்ன நடக்கிறது என்பது, யாராவது “வண்டி வருது!” என்று கத்தும்போதுதான் தெரியவரும். பனோரமா 180 பாகை, 240 பாகை, மனம் வைத்தால் முழு வட்டமான 360 பாகை வரைக்கும் போகும். நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு தெளிவோ, ஓரத்தில் மூக்கு நோண்டிக்கொண்டிருப்பவருக்கும் அதே தெளிவு.

இதில் அன்றாடப் பனோரமா என்பது தனிப் பிரிவு. மலை, கடல், கோபுரம், அந்திவானம் ஆகியவை இதில் சேரா. டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை வரிசை, மொட்டை மாடி, கல்யாணப் பந்தி, குழாயடி ஆகியவை சேரும். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ இவற்றை விடாமல் எடுத்து வருபவர்கள் ஊருக்கு ஓரிருவராவது உண்டு. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் குடும்பத்தார் இந்த விஷயத்தைத் தாமாக எடுப்பதில்லை.

கலை தொடங்கியது தூரிகையில். அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், வட்டச் சுவர் முழுக்க ஓவியம் தீட்டி நடுவில் பார்வையாளரை நிறுத்தும் முறைக்கு 1787-ல் காப்புரிமை வாங்கினார். முதலில் அவர் காட்டியது எடின்பரோவின் கால்ட்டன் குன்றிலிருந்து தெரிந்த காட்சி. அடுத்தது லண்டன். அதற்காக அவருடைய மகன் ஏறி உட்கார்ந்து வரைந்த இடம் ஆல்பியன் மில் என்ற மாவு ஆலையின் கூரை. ஆக, மொட்டை மாடிப் பனோரமாவுக்கு இருநூற்று முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பாரம்பரியம் இருக்கிறது. துணி காயப்போட மாடிக்கு வருபவர்கள் இதை அறிவதில்லை. 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டக் கட்டடம் கட்டி டிக்கெட் விற்றார்கள்.

டிக்கெட் விற்கத் தொடங்கியதும் மாடியும் புகைபோக்கியும் போதவில்லை. சண்டைக் காட்சி தேவைப்பட்டது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்தக் கோட்டை பிடிபட்ட காட்சியைச் சுமார் 120 அடி அகலத்தில் தீட்டி லண்டனில் கூட்டம் சேர்த்தார். இந்தியாவில் கால் வைக்காமலே தீட்டினார். அவர் நேரில் கண்டது டிக்கெட் வாங்க நின்ற கூட்டத்தைத்தான். அதை யாரும் வரைந்து வைக்கவில்லை.

கேமரா வந்தபின் நடந்தவற்றில் தமிழ் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். இன்றைக்குச் செல்போன் சில நொடிகளில் செய்யும் ஒட்டுவேலையை அவர் பசையை வைத்துச் செய்தார். கல்வெட்டு நகராது என்பது அவருக்குக் கிடைத்த ஒரே வசதி.

நகர்பவற்றைப் பனோரமா எடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கப் பள்ளிக்கூடப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். 1904-ல் காப்புரிமை பெற்ற சர்க்கட் என்ற கேமரா, சாவி கொடுத்த கடிகாரப் பொறியால் முக்காலியின் மேல் தானே சுழலும்; உள்ளே ஃபிலிம் அதற்கு ஈடாக நகரும். பள்ளி முழுவதையும் பிறைவடிவில் நிறுத்தி இதில் குரூப் போட்டோ எடுப்பார்கள். இடது கோடியில் நின்ற பையன், கேமரா தன்னைக் கடந்ததும் வரிசைக்குப் பின்னால் ஓடி வலது கோடியில் நின்றுகொள்வான். படத்தில் அவன் இரண்டு பேர். பரிசோதனையும் முடிவும் தெளிவாக இருந்தும் இதை அறிவியல் சாதனையாகத் தலைமையாசிரியர் எவரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ், லென்ஸ் மட்டும் சுழலும் வைடுலக்ஸ் கேமராவால் பல ஆண்டுகள் படப்பிடிப்புத் தளங்களை எடுத்துப் புத்தகமும் போட்டவர். அவரிடமும் ஒரே ஆள் இரண்டு முகபாவத்தில் நிற்கும் படங்கள் உண்டு. நடிகர்கள் செய்தால் அது கலை.

அன்றாடத்தை அகலமாக எடுப்பதற்கு ஒரு மூலவரைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் செக் நாட்டின் யோசெஃப் சூடெக். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். கனமான பழைய கோடக் பனோரமா கேமராவைச் சுமந்து பிராக் நகரைப் பல ஆண்டுகள் சுற்றினார். 1959-ல் வந்த அவருடைய நூலில் 284 பனோரமாக்கள். கோட்டையும் பாலமும் அதில் உண்டு. அவற்றுக்குச் சமமாக நகரத்தின் புறஓரத்து வேலிகள், தோட்டத் துண்டுகள், ஆலைக் கொட்டகைகள், யாரும் நின்று பார்க்காத சந்துகளும் உண்டு. இரண்டு கையும் ஒரு செல்போனும் வைத்துக்கொண்டு “டைம் இல்ல சார்” என்பவர்கள் இந்தப் பத்தியை மறுபடி படிக்கலாம்.

2009-ல் சோனி நிறுவனம் கேமராவை வீசிச் சுழற்றினாலே பனோரமா உருவாகும் வசதியைக் கொண்டுவந்தது. 2012-ல் ஐபோனிலும் அது வந்தது. 240 பாகை வரை. அதன்பின் எல்லாச் செல்போனிலும் வந்துவிட்டது. ‘போட்டோ’, ‘வீடியோ’, ‘போர்ட்ரெய்ட்’ எல்லாம் தாண்டி, பெரும்பாலானோர் கைதவறி மட்டுமே போய்ச் சேரும் இடத்தில் அது இருக்கிறது.

செல்போன் பனோரமா ஒரு கணத்தின் படம் அல்ல. ஆள் சுழலும்போது செல்போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய பட்டையை வெட்டி, அண்டைப் பட்டையோடு பொருத்தி ஒட்டுகிறது. இடது ஓரம் எடுக்கப்பட்ட நேரம் வேறு; வலது ஓரத்தின் நேரம் பத்துப் பதினைந்து நொடி பிந்தியது. இடையில் டீக்கடையில் ஒரு டீ ஆற்றப்பட்டு, கை மாறி, “சர்க்கரை கம்மி” என்று திரும்பியும் போயிருக்கும். படம் இவை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நடந்ததாகச் சாதிக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. செல்போன் சுழலும் திசையிலேயே போகும் பொருள் நீளும். எதிர்த்திசையில் வரும் பொருள் குறுகும். கூடவே வருவது பட்டைக்குப் பட்டை தலைகாட்டிக்கொண்டே இருக்கும். எதிரே வருவது ஓரிரு பட்டைக்குள் கடந்துபோய்விடும். இடமிருந்து வலமாகச் சுழற்றும் வழக்கத்தையும், சாலையில் இடப்பக்கமாக ஓட்டவேண்டும் என்ற இந்தியச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சாலையோரத்தில் நின்று சாலையைப் பார்த்து எடுப்பவருக்கு அருகிலுள்ள வண்டிகள் வலமிருந்து இடமாகப் போகும், ஆகவே குறுகும். எதிர்ச்சாரியில் போகும் வண்டிகள் நீளும். ஐம்பது பேர் பயணம் செய்யும் டவுன் பஸ், அருகில் போனால் ஷேர் ஆட்டோ அளவுக்குச் சுருங்கும். ஷேர் ஆட்டோ எதிர்ச்சாரியில் போனால், உள்ளே உண்மையாகவே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்குப் போதுமான நீளம் அடையும். அருகிலேயே ஒரு வண்டி நீண்டு தெரிந்தால் அது ராங் சைடில் வருகிறது. போக்குவரத்துத் துறை இதைக் கவனிக்கலாம்.

நாய் இந்த விதிக்குக் கட்டுப்படாது. அது நடக்கும், நிற்கும், முகரும், திரும்பும். செல்போன் ஒவ்வொரு பட்டையிலும் அதன் ஒவ்வொரு நிலையையும் நம்பிக்கையோடு ஒட்டும். ஆறு கால் நாய், தலையில்லாமல் வால் இரண்டுள்ள நாய், முன்பாதி மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை மின்கம்பத்தடியில் விட்டுவந்த நாய் ஆகியவை அன்றாடப் பனோரமாவில் சாதாரணமாகக் காணப்படும். பூனை இப்படி வருவதே இல்லை. அது கேமராவைப் பார்த்ததும் உட்கார்ந்து, முழுப்படமும் முடியும்வரை அசையாமல் இருந்து, எடுப்பவரை ஏமாற்றும்.

அசையாத பொருளுக்கும் ஒரு கதி உண்டு. சுற்றிலும் இருப்பதை ஒரு உருளையின் உட்புறத்தில் பதித்து, பிறகு உருளையை வெட்டித் தட்டையாக விரிப்பதே பனோரமாவின் கணக்கு. படுக்கைவாட்டில் ஓடும் நேரான கோடு அந்த விரிப்பில் வளையும். எதிரே ஓடும் நீண்ட மதில் நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் சூம்பும். ஒரே நேர்த்தெரு இடது பக்கம் ஒரு சாலையாகவும் வலது பக்கம் வேறொரு சாலையாகவும் பிரிந்து, எதிரிலுள்ள வீடு முச்சந்தியில் நிற்பதாகக் காட்டும். ஆக, பனோரமாவில் எல்லா வீடும் கார்னர் வீடு. பத்தடி அறையின் மூலையில் நின்று எடுத்தால் அது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள், படத்தில் சன்னலின் குறுக்குக் கம்பி வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

எடுக்கும் முறைக்கு வருவோம். இதில் பெரும்பாலானோர் அறியாதது, எதைச் சுழற்றவேண்டும் என்பது. கையை நீட்டிப் பிடித்து உடம்பைத் திருப்பினால் செல்போன் ஒரு பெரிய வட்டத்தில் ஊர்வலம் போகிறது. இடம் மாறியதும் அருகிலுள்ள பொருளுக்கும் தொலைவிலுள்ள பொருளுக்கும் உள்ள உறவு மாறுகிறது. கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் பின்னணியில் தாவுமே, அதே கதைதான். டீக்கடையின் முன்கம்பம் ஒரு பட்டையில் பாய்லரை மறைக்கும், அடுத்த பட்டையில் மாஸ்டரை மறைக்கும். ஒட்டுகிற மென்பொருள் குழம்பி, கம்பத்தை இரண்டாக ஒடித்து நடுவில் மாஸ்டரின் தோளைச் செருகும். செல்போனின் லென்ஸ் இருக்கும் இடம் அசையக் கூடாது. ஆள்தான் அதைச் சுற்றிச் செக்குமாடாக நடந்துவர வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சிறு சிறு அடியாகக் கால் மாற்றி வைத்துச் சுற்றினால் ஒட்டு நன்றாக விழும். எடுப்பவரின் தோற்றம் நன்றாக விழாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

செல்போனை நிமிர்த்திப் பிடிப்பது நல்லது. உயரம் கூடுதலாகக் கிடைக்கும், மின்கம்பியும் அதில் உட்கார்ந்திருக்கும் காக்கையும் தப்பாது. திரையில் ஓடும் அம்புக்குறி கோட்டைவிட்டு மேலே கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒளி அளவைத் தொடக்கத்திலேயே திரையில் விரலை அழுத்திப் பூட்டிவிடலாம். வெயில் பக்கத்தைப் பார்த்துப் பூட்டினால் நிழலிலுள்ள கடை கரியாகும். நிழலைப் பார்த்துப் பூட்டினால் வெயிலில் நிற்பவர் சுண்ணாம்பாவார். இரண்டுக்கும் நடுவாக ஓர் இடத்தைப் பிடித்துப் பூட்டுவது பழக்கத்தில் வரும். கால் பாதங்களைப் படம் முடியும் திசைக்கு நேராக முதலில் ஊன்றிக்கொண்டு, இடுப்பைத் தொடங்கும் திசைக்கு முறுக்கி, அங்கிருந்து மெதுவாக அவிழ்ந்து வருவது அரைவட்டப் படத்துக்கு ஏற்ற முறை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முறுக்குவதற்கு முன் அவிழ்வது நிச்சயம்தானா என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் தெரு சும்மா இருக்காது. நடுரோட்டில் ஒருவர் செல்போனை மார்புக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கி, சின்னச் சின்ன அடி வைத்துத் தன்னைத்தானே சுற்றி வந்தால், தமிழ்நாட்டின் எந்தத் தெருவும் அதற்கு ஒரே பொருள்தான் கொள்ளும்.

“சார், ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?”

இந்தக் கேள்வி வராத அன்றாடப் பனோரமா அநேகமாக இல்லை. முதலில் கேட்பவர் பெரும்பாலும் மளிகைக்கடைக்காரர். இரண்டாவது கேள்வி, “எந்தப் பக்கம் சார் இடிப்பாங்க?” மூன்றாவது ஆள் கேள்வி கேட்பதில்லை, பட்டா நகலோடு வருகிறார். “சும்மாதாங்க எடுக்கிறேன்” என்ற பதிலை நம்புகிறவர் எவரும் இல்லை. அரசாங்கத்து ஆள் வேறெப்படிச் சொல்வார் என்பது அவர்கள் கணக்கு. “யூடியூப்பா தம்பி?” என்று கேட்பவரிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவது இருதரப்புக்கும் நிம்மதி. ஆனால் அவர் சேனல் பெயரைக் கேட்டு, அங்கேயே தேடி, மணியையும் அழுத்திவிட்டுத்தான் விடுவார் என்பதால் அதிலும் சிக்கல் உண்டு.

அகலப்படுத்தும் பயம் படத்திலேயே பதிவாகும் என்பதுதான் ஆய்வாளர்களுக்கு உதவியான செய்தி. செல்போன் சுழலும் வேகத்தைவிடத் தெருவில் செய்தி பரவும் வேகம் அதிகம். இடது ஓரத்துக் கடைகளின் முன்னால் நடைபாதை மீது வாழைத்தார், பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின், பலகை பெஞ்சு எல்லாம் தாராளமாக இருக்கும். நடுவில் போர்டை உள்ளே இழுக்கும் ஒரு கை தெரியும். வலது ஓரத்துக்கு வரும்போது நடைபாதை, அது போடப்பட்ட நாளில் இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கும். ஆக்கிரமிப்பும் அகற்றலும் ஒரே படத்தில் கிடைப்பது வேறெந்த முறையிலும் சாத்தியமில்லை.

தெருவில் படம் எடுப்பதற்கு மரியாதைகளும் உண்டு. குழாயடி, துவைக்கல், மருத்துவமனை வாசல், துக்க வீடு ஆகிய இடங்களில் கேட்காமல் எடுக்கக் கூடாது. குறிபார்த்து எடுக்கும் படத்தில் தான் இருக்கிறோமா இல்லையா என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரியும்; பனோரமாவில் முதுகுப்பக்கம் நிற்பவர்கூட இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாதிப் பேர் விலகுவார்கள். மீதிப் பேர் சீப்பு எடுப்பார்கள். “எங்க வீடு முழுசா வருதா தம்பி?” என்று திண்ணைப் பாட்டிமார் கேட்பதுண்டு. வீடும், பக்கத்து வீடும், அதற்கும் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடும் சேர்ந்தே வரும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பங்காளித் தகராறு அகலப்படத்துக்கு அப்பாற்பட்டது.

எடுக்கத் தகுந்த காட்சிகளில் தலையாயது கல்யாணப் பந்தி. அதன் வடிவமே பனோரமா. ஒரே சீராக நீண்ட இலைவரிசை, ஒவ்வோர் இலைக்குப் பின்னும் ஒரு முகம். சாதாரணப் படத்தில் நாலு பேர் கிடைப்பார்கள். அவர்களும் வாய்க்கருகே கையோடு. பனோரமாவில் பந்தி முழுவதும் கிடைக்கும்: உப்பு வைக்கும்போதே அப்பளத்தைத் தேடுபவர், பக்கத்து இலையில் வைத்த அளவைப் பார்ப்பவர், கைக்குழந்தைக்குத் தனி இலை போடச் சொல்லி வாதாடுபவர், எழுந்திருக்கும் ஆளின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு நிற்பவர். பரிமாறுபவர் செல்போன் சுழலும் திசையிலேயே, அதே வேகத்தில் வந்தால், சாம்பார் வாளியோடு வரிசை நெடுக நாலைந்து இடத்தில் தோன்றுவார். படத்தைப் பார்க்கும் பெண் வீட்டார், காண்டிராக்டர் சொன்னபடியே ஆள் விட்டிருக்கிறார் என்று திருப்தி அடைவார்கள். பாயசக்காரர் எப்போதும் எதிர்த்திசையில் வருவார். ஒல்லியாக, ஒரே ஒருமுறை மட்டும் தெரிவார். இது நேரில் காணும் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ரேஷன் கடை வரிசையைக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிக் கவுண்டரை நோக்கிச் சுழற்ற வேண்டும். கடைசியில் நின்றவரே முன்னாலும் நின்றால் சர்க்கட் கேமராப் பையன்களின் வம்சம் இங்கும் தழைத்திருப்பது புலனாகும். பஸ் ஸ்டாண்டில் பஸ் நுழையும் கணத்தில் எடுக்கக் கூடாது. சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கை, எந்த உடம்போடும் சேராமல் தனியாகப் படத்தில் தொங்கும், குழந்தைகள் பயப்படும்.

மொட்டை மாடி தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அங்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ் ஆன்டெனாக்களும் தென்னந்தலைகளும் பொறுமையாக நின்று ஒத்துழைக்கும். கொடியில் ஆடும் வேட்டி மட்டும் இரண்டு இடங்களில் ஒட்டும். காலை ஏழு மணிக்கும் அந்தி ஆறு மணிக்கும் வெளிச்சம் நல்லது. மார்கழியில் எடுத்தால் கோலத்தோடு தெருவும், வைகாசியில் எடுத்தால் யாருமே இல்லாத தெருவும் கிடைக்கும்.

ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்தினால் இது வெறும் விளையாட்டு. ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒரே திசையில் தொடங்கி, தவறாமல் எடுத்து வரும்போதுதான் இதன் தன்மை மாறுகிறது. சாதாரணப் புகைப்படம் எடுப்பவர் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறார். அந்த முடிவில் பெரும்பகுதி எதை விடுவது என்பதுதான். குப்பைத்தொட்டியை விட்டு, மின்பெட்டியை விட்டு, தெரியாத ஆளை நகரச் சொல்லி, மல்லிகைக் கொடியை மட்டும் எடுக்கிறார். பனோரமாவில் விட முடியாது. சுழற்றத் தொடங்கிவிட்டால் வருவதெல்லாம் வரும். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது எடுத்தவர் எதற்காக எடுத்தாரோ அது அலுப்பாக இருக்கும். வேண்டாமல் உள்ளே வந்தவையே கவனத்தைப் பிடிக்கும். ஓரத்திலிருந்த சைக்கிள் கடை செல்போன் ரீசார்ஜ் கடையாகி, பிரியாணிக் கடையாகி, மறுபடி ஷட்டர் இறங்கியிருக்கும். புங்க மரம் ஒரு மாதத்தில் இருக்கும், மறு மாதத்தில் அந்த இடத்தில் வெளிச்சம் இருக்கும். சுவரில் ஒரு தலைவர் சிரிப்பார்; அடுத்த படத்தில் அதே சுவரில் வெள்ளையடித்து ‘ரிசர்வ்டு’ என்று எழுதியிருக்கும்; அதற்கடுத்ததில் வேறு தலைவர். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸில் நின்ற குழந்தை பூப்பெய்தி, கல்யாணமாகி, அதே மின்கம்பத்தில் மூன்றாவது முறையும் வரும்.

சாலைப் பள்ளங்களின் வரலாறு மட்டுமே தனி நூலுக்குத் தாங்கும். முதல் படத்தில் புதுத் தார்ச்சாலை. அடுத்த மாதம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியது. அதை மூடிய படமும், பாதாளச் சாக்கடைக்காக மறுபடி தோண்டிய படமும் அடுத்தடுத்து வரும். கேபிளுக்காகத் தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர். இவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பள்ளம்தான் நிலையான கட்டுமானம், சாலை அவ்வப்போது அதன்மேல் போடப்படும் தற்காலிக மூடி என்பது விளங்கும். தெருவில் குடியிருப்பவருக்கே இது மறந்துவிடும்; தார் போட்ட மறுநாள் எல்லோரும் நன்றி சொல்வார்கள். படத்துக்கு நன்றி கிடையாது.

இந்த வேலையை கூகுள் ஸ்ட்ரீட் வியூ செய்கிறதே, தனி ஆள் எதற்கு என்று கேட்கலாம். 2007-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தச் சேவை, பலவருட இழுபறிக்குப் பின் 2022-ல் சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் வந்தது. அதன் வண்டி தனக்கு வசதியான நாளில் வருகிறது, நிற்காமல் போகிறது, முகங்களை மங்கலாக்குகிறது. டீக்கடைப் படத்தில் முகம் மங்கினால் மிஞ்சுவது பாய்லர்தான். மேலும், அந்த வண்டி கல்யாணப் பந்திக்குள் வர முடியாது, மொட்டை மாடிக்கு ஏற முடியாது, “எங்க வீடு முழுசா வருதா?” என்று கேட்டால் பதில் சொல்லாது. வேலை தனி ஆளுக்குரியதே.

எடுத்த படத்தைப் பிறருக்குக் காட்டுவது இக்கலையின் பலவீனமான பகுதி. செல்போன் திரையில் பனோரமா ஒரு ரிப்பன் அகலத்துக்குத்தான் தெரியும். வாட்ஸாப்பில் அனுப்பினால் அது சுருக்கி, மெழுகி, தெருவை ஒரு பழுப்புக் கோடாக்கிக் கொண்டுசேர்க்கும். பெறுபவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் ஒன்று வரும். உறவினர் குழுவில் போட்டால் “இதுல என்ன இருக்கு?” என்று ஒருவர் கேட்பார், அப்படத்தின் வலது ஓரத்தில் தாம் லுங்கியோடு நிற்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். கவனிக்கும் நாளில் கேள்வி வேறு விதமாக வரும். பெரிய கணினித் திரையிலோ டி.வி.யிலோ போட்டு, இடமிருந்து வலமாக நகர்த்திக் காட்டினால் மட்டுமே வீட்டார் பார்க்கிறார்கள். அதுவும் சீரியல் இடைவேளையில்.

ஆகவே அச்சடிக்க வேண்டும். இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. சூடெக் பிராக் நகரப் படங்களைச் சுமார் 10-க்கு 30 சென்டிமீட்டரில் அச்சிட்டார்; நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து விரிந்தால் 12-க்கு 36 அங்குலம். அதே ஒன்றுக்கு மூன்று. உலகத்தில் வேறிடங்களில் பனோரமா அச்சுக்குத் தனிக் கடை தேட வேண்டும். இங்கே ஆல்பம் அடிக்கும் எந்த லேபிலும் அந்தத் தாள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தைச் சுருக்காத முழுக்கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுபோய் “12-க்கு 36, ஒரே ஷீட், மேட் பேப்பர்” என்று கேளுங்கள். மணமக்கள் யார் என்று கேட்பார்கள். ரேஷன் கடை வரிசை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம், முகத்தைப் பளிச்சென்று ஆக்க வேண்டாம், பின்னணியில் ரோஜாப்பூவும் இதயமும் போட வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். வாங்கிவந்ததும் பின்புறத்தில் ஊர், தெரு, தேதி, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குச் சுழற்றியது என்பதைப் பென்சிலால் குறித்துவையுங்கள். பேனா மை மறுபக்கம் தெரியக்கூடும்.